ஆறரை மணிக் கையெழுத்து

28 ஜூலை 2025, திங்கள்

இட்லி கல். சாம்பார் தண்ணீர். ஹாஸ்டல் திங்கட்கிழமை.

மூட் கோர்ட் என்னும் மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு வழக்கு வந்துவிட்டது. மெரோனியா என்று ஒரு கற்பனை நாடு. முப்பது வயதுக்குக் குறைந்த பெண்கள் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறது. போனவர்களில் சிலர் அடிபட்டுத் திரும்பினார்களாம், அதனால் 'அவர்கள் பாதுகாப்புக்காக'. பெண்கள் சங்கம் ஒன்று சர்வதேச மன்றத்துக்குப் போகிறது. சட்டம் செல்லுமா, செல்லாதா? இரண்டு பக்கத்துக்கும் வாதம் எழுதித் தர வேண்டும். எந்தப் பக்கம் பேசுவது என்பது அங்கே போய்ச் சீட்டு எடுத்தால்தான் தெரியும்.

அணியில் நானும் கலையரசனும் பேச்சாளர்கள். என் ரூம்மேட் பூரணி ஆராய்ச்சி. அதாவது தீர்ப்பு தேடுவது, ஒப்பந்தம் படிப்பது, எங்கள் வாயில் வார்த்தை வைப்பது எல்லாம் அவள். மைக் முன்னால் நிற்பது நாங்கள்.

நூலகத்தில் விவாதம் சூடு பிடித்த நேரம் பூரணி வாட்சைப் பார்த்தாள். ஆறரைக்கு ஹாஸ்டல் கேட் மூடிவிடும். நடமாடும் சுதந்திரத்தைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு இரண்டு பேரும் ஓடினோம். கலையரசன் ஒன்பது மணி வரை இருந்து படித்தானாம். பையன்கள் ஹாஸ்டலிலும் கேட் இருக்கிறது, பூட்டுத்தான் இல்லை. "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்று வழியனுப்பி வைத்தான், மகாராஜா.

30 ஜூலை, புதன்

பூரணிக்கு ஊர் பச்சமலை மேலே. துறையூரிலிருந்து நாளைக்கு இரண்டே பஸ். ஜூனில் காலேஜ் திறந்த அன்று அந்த பஸ் வழியில் நின்றுபோய், ஏழேகாலுக்கு வந்து சேர்ந்தாள். வார்டன் பிரேமலதா மேடம் சிவப்பு மையில் எழுதினார்: முதல் எச்சரிக்கை. இரண்டாவது தடவை என்றால் ஹாஸ்டலிலிருந்து நீக்கம். எனக்குக் குளித்தலை, வீட்டிலிருந்தே வந்து போகலாம். அவளுக்கு ஹாஸ்டல் இல்லையென்றால் காலேஜே இல்லை.

"மெரோனியா சட்டத்த நம்ம மேடம்தான் எழுதிக் குடுத்திருப்பாங்க" என்றேன். பூரணி சிரிக்கவில்லை.

"அரசாங்கப் பக்கம் எழுதறதுதான்டி கஷ்டம். நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம், மத்தவங்க உரிமை, இதுக்காகத் தடுக்கலாம்னு சர்வதேச ஒப்பந்தத்துல இருக்கு. அவளோட நல்லதுக்காகவே அவளத் தடுக்கலாம்னு எங்கயும் இல்ல."

"பொது ஒழுங்குக்குள்ள திணிச்சுடலாம்."

"திணி" என்றாள்.

2 ஆகஸ்ட், சனி

ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். எழுதிவிட்டால் சரியாகுமா?

வாதங்களின் அச்சுப் பிரதி திங்கள் காலை போய்ச் சேர வேண்டும். நாளை ஆடிப்பெருக்கு, கடை இருக்காது. காலேஜ் பக்கத்துக் கடையில் பைண்டிங் மெஷின் ரிப்பேர். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை உண்டு என்று பூரணி மூன்று மணிக்கே கிளம்பினாள். ஐந்துக்கு வேலை முடிந்தது என்று போன் செய்தாள். நான்தான் — எனக்குத்தான் கடைசிப் பக்கம் பிடிக்கவில்லை. "பிரிச்சுடு, இதோ புதுசு அனுப்பறேன்" என்றேன். "மணி அஞ்சுடி" என்றாள். "ஆட்டோ புடிச்சு வந்துடலாம், ப்ளீஸ்டி." அனுப்பும்போது ஐந்து ஐம்பது.

ஆறரைக்கு எல்லோரும் கையெழுத்துப் போடும் ரெஜிஸ்டர் மேஜை மேல் வந்துவிட்டது. மேடம் கொஞ்சம் தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பூரணி பெயருக்கு நேரே காலிக் கட்டம். இதோ வந்துவிடுவாள், இதோ வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டே — போட்டுவிட்டேன். அவள் கையெழுத்தை. கடைசியில் ஒரு கோடு நீட்டுவாள், அதையும் நீட்டினேன்.

அவள் வந்தது ஏழு இருபத்தைந்துக்கு. அம்மா மண்டபம் ரோட்டில் கூட்டம், காவிரிப் பாலத்தில் ஆட்டோ நகரவே இல்லையாம். வாட்ச்மேன் காத்தான் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே திறந்துவிட்டார். ஆனால் அவரும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அதில் நேரத்தை எழுதிக்கொண்டார்.

"ஒனக்கு நான் போட்டுட்டேன்" என்றேன்.

"என்னத்த?"

சொன்னேன். "நான் கேட்டேனா?" என்றாள். பைண்டிங் பிரதிகளைக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரி கரை முட்ட ஓடுகிறதாம். கூட்டமாக இருக்கும் என்று ஹாஸ்டல் பெண்களுக்கு அனுமதி இல்லை. மெஸ்ஸில் புளிசாதம், தேங்காய் சாதம் போட்டு ஆற்றை ஈடுகட்டிவிட்டார்கள். ரெஜிஸ்டரையும் கேட் நோட்டையும் யாரும் ஒப்பிட மாட்டார்கள். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட ஒப்பிட்டதில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்!

சீட்டில் அரசாங்கப் பக்கம் விழுந்தது. கலையரசன் முகம் தொங்கிப்போனது. எனக்கோ வேகம் வந்துவிட்டது. "ஆண்களை ஏன் தடுக்கவில்லை?" என்று நடுவர் கேட்டார். "அடிபட்டுத் திரும்பியவர்களில் ஆண்கள் இல்லை, மாண்பமை நீதிபதி அவர்களே." அரங்கமே சிரித்தது. பிறகு முடிவுரை: "சுதந்திரம் என்பது வாசலைத் திறந்து விடுவது மட்டுமல்ல, போனவள் பத்திரமாகத் திரும்பி வருவதற்குப் பொறுப்பேற்பதும்தான்." ஆங்கிலத்தில் இன்னும் நன்றாக இருந்தது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது.

நம்பித்தான் சொன்னேனா? அந்த நிமிஷத்தில் நம்பினேன் என்றுதான் தோன்றுகிறது.

'அவளோட நல்லதுக்காக' என்று ஒப்பந்தத்தில் இல்லையே, பூரணி கண்டுபிடித்த அந்த ஓட்டையை எதிரணி தொடவே இல்லை. தொட்டிருந்தால் நான் காலி. செப்டம்பரில் பெங்களூரில் தேசியச் சுற்று!

12 ஆகஸ்ட், செவ்வாய்

பேப்பரில் எங்கள் படம். கீழே என் முடிவுரை, கொட்டை எழுத்தில். அப்பா குளித்தலையில் எட்டுப் பிரதி வாங்கியிருக்கிறார்.

சாயங்காலம் ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் அதே கட்டிங். 'கேட் மூடும் நேரம் மாலை 6.30' என்ற தாளுக்குச் சரியாகக் கீழே. என் வரிக்கு அடியில் சிவப்புக் கோடு.

மேடம் மனம் நிறைந்து சிரித்தார். "எனக்குச் சொல்ல வராமயே இருந்துச்சு சுபஸ்ரீ. நீ அழகாச் சொல்லிட்டே."

ஜூனியர் நிஷா கடந்து போகும்போது, "அக்கா, கேட் டைமை ஏழரையாக்கச் சொல்லி லெட்டர் எழுதியிருந்தோம். இனிமே எங்க குடுக்கறது?" என்றாள். நுணலும் தன் வாயால் கெடும். இங்கே நுணலோடு சேர்ந்து குளமே கெட்டது.

14 ஆகஸ்ட், வியாழன்

ஒப்பிட்டுவிட்டார்கள்.

தாமதமாக வந்தவர்கள் பட்டியலை பிரின்ஸிபால் கேட்டாராம். மேடம் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஆகஸ்ட் 2: கேட் நோட்டில் 7.25. ரெஜிஸ்டரில் ஆறரைக் கையெழுத்து. பூரணியைக் கூப்பிட்டு யார் போட்டது என்று கேட்டிருக்கிறார். அவள் வாய் திறக்கவில்லை. அவளே பிற்பாடு வந்து திருட்டுத்தனமாகப் போட்டுவிட்டாள் என்று மேடம் முடிவு கட்டிவிட்டார். தாமதம் இரண்டாவது முறை, அதோடு மோசடி. 20ஆம் தேதி விசாரணை. அம்மா வர வேண்டும்.

ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்கள் காலேஜ் சார்பில் எந்தப் போட்டிக்கும் போக முடியாது. இதை ஏன் எழுதுகிறேன்? பூரணி சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பெங்களூர்தான். அவள் இல்லை. சீ.

15 ஆகஸ்ட், வெள்ளி

கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய். அவள் ஒரு ஓரத்தில், நான் ஒரு ஓரத்தில் நின்றோம்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

பூரணிக்காகப் பதினொரு பக்கம் எழுதினேன். பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடமாட்டத்தில் ஒரே உரிமை என்று இந்தியா கையெழுத்திட்ட ஒப்பந்தம், பையன்கள் ஹாஸ்டலின் பூட்டில்லாத கேட், குற்றத்துக்கும் தண்டனைக்கும் இருக்க வேண்டிய பொருத்தம் எல்லாம் இருக்கிறது. நான் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது. கலையரசனும் அதையே சொன்னான்.

பூரணி கட்டிலில் உட்கார்ந்து பதினொரு பக்கத்தையும் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கே."

"அப்ப நான் பேசட்டுமா?"

"எனக்கு வக்கீல் வேணாம்டி. சாட்சி வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. "ஒனக்காகத்தானே போட்டேன்?" என்றேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

"ஒன் கடைசிப் பக்கத்துக்காக நான் லேட்டானேன். ஒனக்குப் பயம், கையெழுத்துப் போட்டே. இதுல எனக்காகன்னு எது இருக்கு?"

"அப்ப எம் பேரச் சொல்லிடு. போ!"

"நான் சொன்னா அது காட்டிக் குடுக்கறது. நீ சொன்னாத்தான் சரி. நான் சொல்ல மாட்டேன்."

பேசிக்கொண்டே துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். இன்னும் மூன்று நாள் இருக்கிறதே, இப்போதே ஏன் மடிக்கிறாய் என்று கத்தினேன். அவள் மடித்துக்கொண்டே இருந்தாள்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

பெங்களூருக்கு ரயில் டிக்கெட் போட்டாச்சு என்று கலையரசன் மெசேஜ். மூன்று பேர் பெயரும் இருக்கிறது.

20 ஆகஸ்ட், புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிரின்ஸிபால், பிரேமலதா மேடம், இன்னொரு பேராசிரியர். பூரணியும் அவள் அம்மா வீரம்மாளும் சுவரோரம் நாற்காலியில். முதல் பஸ்ஸை நம்பாமல் அந்த அம்மா நேற்றே மலையிலிருந்து இறங்கி, துறையூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி வந்திருக்கிறார். மடியில் ஒரு மஞ்சள் பை. யார் பேசினாலும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாணவி சார்பில் பேச அனுமதி வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார்கள். பதினொரு பக்கத்தில் இரண்டு பக்கம் போயிருப்பேன். மேடம் கையை உயர்த்தினார். அவர் முன்னால் அந்தப் பேப்பர் கட்டிங். என் முடிவுரையை எனக்கே வாசித்துக் காட்டினார்.

"போன வருஷம் நம்ம ஹாஸ்டல் பொண்ண ஒருத்தன் பஸ் ஸ்டாப்புல கையப் புடிச்சு இழுத்தானே, அன்னைக்கு ஸ்டேஷன்ல உக்காந்திருந்தது நான். அவங்க அப்பா என் மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டாரு. நீங்கள்லாம் வாதம் பண்ணிட்டுப் போயிடுவீங்கம்மா. போன் எனக்குத்தான் வரும். அப்ப போட்டியில நீ பேசினதெல்லாம் பொய்யா?"

குரல் உடைந்திருந்தது. பிரேமலதா மேடத்தை வில்லியாகவே வைத்து மூன்று வருஷம் ஓட்டிவிட்டேன். இன்று முடியவில்லை.

"பொய் இல்ல மேடம். வாதம்."

"இப்ப பேசறது?"

"இதுவும் வாதம்தான்" என்றேன். வாயிலிருந்து அதுவாக வந்தது. காகிதங்களைக் கீழே வைத்தேன். வீரம்மாள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கையெழுத்து நான் போட்டது மேடம். பூரணிக்குத் தெரியாது. அன்னைக்கு அவ லேட்டானதும் என்னாலதான். முடிஞ்ச வேலையப் பிரிக்கச் சொன்னேன். புதுப் பக்கம் அனுப்பின மெசேஜ் எங்கிட்ட இருக்கு, மணியோட இருக்கு." போனை மேஜைமேல் வைத்தேன்.

பிரின்ஸிபால் வெள்ளைத் தாளில் பூரணி பெயரை எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். கோட்டை நீட்டினேன். ரெஜிஸ்டரை இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"பதினாலாந் தேதியே சொல்லியிருக்கலாமே?" என்று மேடம் கேட்டார். மிரட்டலாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். பதினொரு பக்கத்தையும் எடுத்து மடித்தேன்.

வெளியே வந்ததும் வீரம்மாள் பூரணியிடம், "அந்தப் புள்ள என்னடி சொல்லிச்சு? நீ இருக்கலாமா, வரணுமா?" என்று கேட்டார்.

22 ஆகஸ்ட், வெள்ளி

உத்தரவு போர்டில் ஒட்டப்பட்டது. பூரணி ஹாஸ்டலில் தொடரலாம், தாமதத்துக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை மட்டும், போட்டிக்குத் தடை இல்லை. நான் இந்தக் கல்வியாண்டு முழுவதும் ஹாஸ்டலிலிருந்து நீக்கம், போட்டிகளிலிருந்தும் நீக்கம். கேட் நேரம் அதே ஆறரை. காலேஜ் வேலையாக வெளியே போகிறவர்கள் ஆசிரியரிடம் கடிதம் வாங்கி வந்தால் ஏழரை வரை சலுகை. நிஷா குழுவின் கடிதத்துக்கு இவ்வளவுதான் தேறியது.

கட்டிங்கை எடுத்துவிட்டார்கள். அப்பாவிடம் போனில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "தெனம் பஸ்ஸுல போயிட்டு வா" என்றார். எட்டுப் பிரதிகளைப் பற்றி இருவருமே பேசவில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஒரு பெட்டி, இரண்டு புத்தக மூட்டை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை பூரணி தூக்கி வந்தாள். குளித்தலை வழியாகப் போகும் கரூர் பஸ் மூன்று வந்தது, மூன்றையும் விட்டேன். வேர்க்கடலை தின்றோம். பெங்களூரில் என் இடத்தில் அவள் பேசுகிறாள். பயமாக இருக்கிறது என்றாள். ஒரு வருஷமாக என் வாயில் வார்த்தை வைத்தவள் நீ, உன் வாயில் வைத்துக்கொள்ள என்ன கஷ்டம் என்றேன். "ஒனக்கு எம் மேல கோவமாடி?" என்று கேட்டேன். "இருக்கு. போயிடும்" என்றாள்.

ஆறு மணிக்கு நான்தான் விரட்டினேன். "கெளம்புடி, பூட்டிடுவாங்க." துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஆறரை ஆனது. என்னை யாரும் தேடவில்லை. ஏழும் ஆனது. ஒரு டீ வாங்கிக் குடித்தேன். மூன்று வருஷம் இந்த ஊரில் இருந்திருக்கிறேன், ஏழு மணிக்கு இந்த பஸ் ஸ்டாண்டை இன்றுதான் பார்க்கிறேன். தப்புப் பண்ணினது நான். நான் வெளியே நிற்கிறேன், அவள் உள்ளே. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், டீக்கடைக்காரர் பார்க்காதபடி.

ஏழு பத்துக்கு போன் வந்தது.

"ஆறரைக்கே உள்ள வந்துட்டேன். நீ ஊருக்குப் போய்ட்டியா?"

"இல்ல. இன்னும் பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கறேன்."

"இந்நேரத்துக்கு அங்க எப்படிடி இருக்கு?" என்று கேட்டாள்.

பூக்கடையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன்.