கத்தரித்த கயிறு

12-8-1969, செவ்வாய்

கயிற்றின் முனையில் பிசிறே இல்லை. தானாக அறுந்திருந்தால் இப்படி இருக்காது. சேகர்தான் கத்தரித்திருக்கிறான்.

அக்காவுக்குக் காது கேட்காது. தறிக்காரர் குரல் கொடுத்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாக்கட்டையை எறிய வேண்டும். அதனால் தறிக்கு அடியில் ஒரு கயிறு விட்டு அக்காவின் மணிக்கட்டில் கட்டினேன். அவர் இழுத்தால் அவள் எறிவாள். இதுவரை பிசகியதில்லை. இந்த வாரம் தேறிவிட்டால் வேலை அவளுக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

இன்று நாங்கள் சாப்பிட்டு வந்து அக்கா உட்கார்ந்ததும், தறிக்காரர் இழுத்தது அவள் கைக்கு வரவில்லை. கரை விட்டுப்போனது. அடுத்த தறியில் இருந்த சேகர் காதில் கை வைத்துக் காட்டி, "இன்னாமா, கூப்டது கேக்கலியா?" என்று சிரித்தான். அவன் தங்கைக்கு அந்த இடம் வேண்டும்.

முதலாளி புடவையைப் பார்த்தார். "நாளையிலேந்து வேணாம்மா" என்றார். கயிற்றை அவிழ்க்கும்போதுதான் நான் முனையைப் பார்த்தேன். அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா வழியெல்லாம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் சேகரே எங்கள் வாசலுக்கு வந்தான். விடிந்ததும் அவன் வீட்டுத் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்ட வேண்டும். பிடிக்கக் கைகள் போதாவிட்டால் பட்டு சிக்காகிவிடும். எங்கள் தெருவில் இதற்கு யாரும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை.

"அக்காவும் நீயும் வந்துடுங்கமா, ஆள் கொறையுது" என்றான்.

காதில் கை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தேன். இன்னும் சத்தமாகச் சொன்னான். கையை எடுக்காமலே கதவைச் சாத்தினேன்.