கிளை விழுந்த பகல்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துவிட்டு, ஆர்கன்சா பைன் மரங்களுக்கு நடுவே வீட்டுவண்டிகள் நிறுத்தும் வளாகத்தில், என் வண்டியில் பகலெல்லாம் தூங்குகிறேன்.

செவ்வாயன்று பலத்த காற்று. பக்கத்து வண்டி வெல்டா அம்மா கதவைத் தட்டோ தட்டென்று தட்டினார்.

"கொரின், உன் தலைக்கு மேல கிளை ஆடுது. எங்க வண்டிக்கு வந்துடு."

"இப்பத்தான் படுத்தேன், விடுங்கம்மா."

"செத்தா நிறையத் தூங்கலாம். எழுந்து வாடி."

முனகிக்கொண்டே போனேன். அவர் கணவர் கொடுத்த பீன்ஸ் சூப்பைக் குடித்து முடிப்பதற்குள் கிளை விழுந்தது. கூரையில் ஓட்டை, அவ்வளவுதான். தலைமாட்டுப் பக்கம். என்னை மரமில்லாத இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், பயப்படாதீர்கள்.

தார்ப்பாய் ஒன்று அனுப்புங்கள். உங்கள் பழைய ரேடியோவும் வேண்டும். இலை அசைந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். யாராவது பேசுகிற சத்தம் கேட்டால் தூக்கம் வரும்.

வெல்டா அம்மா இன்று காலை ஃபுளோரிடாவுக்குக் கிளம்பிவிட்டார். என்னைக் கட்டிக்கொண்டு, "வேளைக்குச் சாப்பிடு" என்றார். இங்கே யாரும் நிலையாகத் தங்குவதில்லை, அப்பா. என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுவண்டி இன்னும் ஓடுமா? இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாமென்று வளாக மேலாளரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
கொரின்