காலி டேங்க்

ஜூன் 6, வெள்ளி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாகலாபுரம் ஏரியில் சவாரி விட முழங்கால் தண்ணீர்கூட இல்லை. போட்டை ஷெட்டில் ஏற்றியாயிற்று. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால். சும்மா நின்றால் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் குடித்து அடியில் தண்ணீராக இறக்கிவிடும். அரைகுறை டேங்க் ஆகவே ஆகாது. சொட்டு விடாமல் வடித்தேன். இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டேன். மூடி இறுக்கி, மேலே தார்ப்பாய். என் பெண்டாட்டி வசந்தாவிடமும் அவள் தம்பி சேகரிடமும் சொன்னேன்: யாராவது தொட்டால் கையை ஒடிப்பேன்.

"வெள்ளிக்கெழம அதுவுமா காலியா வெப்பாங்களா?" என்றாள். முறைத்தேன். உள்ளே போய்விட்டாள்.

ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் வாங்கணும்.

நவம்பர் 16, ஞாயிறு

ஒரு வாரமாக மழை. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிகிறது. முதல் சவாரி. டேங்க் காலிதானே என்று பார்க்காமலே புது பெட்ரோல் ஊற்றினேன். சித்தூர்க் குடும்பம் ஒன்று. நடு ஏரியில் இன்ஜின் இருமியது, நின்றது. கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை கிழிந்தது. காற்று கலங்கல் பக்கமே தள்ளியது. கல்லில் மோதிய வேகத்தில் அவர்களுடைய சின்னப் பெண் தண்ணீரில். தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டேன். பிழைத்தது. அதன் அம்மா தெலுங்கில் அலறி என் முகத்தைப் பிறாண்டினாள்.

கரையில் ஃபில்டரைக் கழற்றி டம்ளரில் ஊற்றினேன். மேலே பெட்ரோல், அடியில் தண்ணீர். நான் வடித்த பிறகு ஷெட்டில் எவனோ பெட்ரோல் ஊற்றியிருக்கிறான். யாரென்று கேட்டேன். சேகர் தலை குனிந்தான்.

"நான்தான் மாமா."

துடுப்பால் அடித்தேன். முதல் அடியிலேயே விழுந்தான். நான் நிறுத்தவில்லை. பல் இரண்டு சேற்றில். தடுக்கக்கூடக் கை தூக்கவில்லை, கழுதை.

17, திங்கள்

தூறல். சேகர் திருப்பதி ஆஸ்பத்திரியில், தாடைக்குக் கம்பி. வசந்தா கூட இருக்கிறாள். இன்னும் நாலு போட்டிருக்கணும். போட்டில் விரிசல், பக்கவாட்டில்.

18, செவ்வாய்

மதியம் வசந்தா வந்தாள். சோறு கேட்டேன். துடுப்பைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள்.

"அவன் ஊத்தல. நான்தான். காலியா இருந்தா ஆகாதுன்னு ரெண்டு லிட்டரு பெட்ரோலு ஊத்தனேன். அன்னிக்கே அவனுக்குத் தெரியும். நீ என்ன கொன்னுடுவன்னு வாய மூடிக்கினு இருந்தான். இந்தா, அடி."

அன்றைக்கே சொல்லியிருந்தால் மறுபடி வடித்திருப்பேன். அந்தக் குழந்தை விழுந்திருக்காது. ஏன்டி சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.