ஒற்றைக் கண் குஞ்சுகள்

19 ஆகஸ்ட் 2009, புதன் இரவு

1. மீன் முட்டைகள் கெட்டன.
2. கிணற்று நீரே காரணம்.
3. மைத்துனர் இனி இங்கே குடிக்கக் கூடாது.

நான் வளர்க்கும் வரிக்குதிரை மீனின் முட்டைகளைக் கிணற்று நீர்க் கிண்ணத்தில் வைத்திருந்தேன்; பொரிந்த குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கண். முட்டைக்குள் செல்லுக்குச் செல் போகும் சமிக்ஞை தடைப்பட்டால், கண்ணை இரண்டாக்கும் மரபணுக்கள் விழிப்பதில்லை. துறைமுகத்து நிலக்கரித் தூசி கிணற்றில் இறங்கியிருக்கும் என்று காலையில் சொல்லிவிட்டேன். கர்ப்பிணி மருமகள் வெளுத்துப்போனாள்.

"மாமா, நானும் அந்தத் தண்ணியத்தானே குடிக்கிறேன்?"

மத்தியானமே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இங்கே சரக்கு மலிவென்று நாகப்பட்டினத்திலிருந்து குடிக்க வரும் மைத்துனர் மாலையில் சிரித்தார். "அத்தான், மீன் முட்டை போட்ட அன்னைக்கு நான் குடிக்கிறப்போ அக்கா வந்துட்டாங்க. மிச்ச பிராந்திய அந்தக் கிண்ணத்துலதான் ஊத்துனேன். மீனுக்கும் ஜாலிதானே!"

மதுவும் அதே சமிக்ஞையைத் தடுக்கும். அவரைப் பார்க்க அருவருப்பு. சோதிக்காமல் உளறிய என் வாயை நினைத்தால் இன்னும் அதிகம். மருமகளுக்குப் போன் செய்து, தண்ணீரல்ல, பிராந்திதான் காரணம் என்றேன். "நான் திரும்பி வரணும்னுதான் இப்படிச் சொல்றீங்க" என்று வைத்துவிட்டாள்.

மேலே உள்ள பட்டியலில் இரண்டாவது தவறு.