இன்பம் அனுப்பிய பன்னிரண்டு கட்டங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
12 செப்டம்பர் 1937

கர்த்தருக்குள் பிரியமான மகள் இன்பத்துக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் அப்பாவும் நானும் நலம். இலங்கையில் அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்தில் நீயும் மாப்பிள்ளை ஞானராஜும் எப்படி இருக்கிறீர்கள் என்று நினைத்து நினைத்து எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

நம் கோயில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு நாம் பாதிப்பாதியாகத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்கு நீ அனுப்பிய பன்னிரண்டு கட்டங்களும் வந்தன. என்னுடையதோடு வைத்தால் மூலைக்கு மூலை சேரவில்லை, உன்னது ஒவ்வொன்றும் ஒரு விரல் குறைகிறது. இழுத்துத் தைத்தேன், சுருங்கியது, பிரித்தேன், மறுபடி தைத்தேன், மறுபடி பிரித்தேன். முதலில் உன்னைத்தான் வைதேன். கடைசியாக வெட்டின துண்டை வைத்து அடுத்ததை வெட்டினால் அளவு ஓடிப்போகும், முதல் துண்டையே மாதிரியாக வை என்று எத்தனை தரம் சொன்னேன். ஆனால் அந்தப் பிழை என்றால் ஒன்று கூடும் ஒன்று குறையும், உன்னது எல்லாம் ஒரே போலக் குறைகிறது. தையலுக்கு விளிம்பு அதிகம் விட்டாயோ என்று பிரித்துப் பார்த்தேன், நகத்தளவுதான். துணியும் நான் நனைத்துக் காயவைத்துக் கொடுத்த அதே ராஜபாளையம் துணி. அப்பா, "ஏட்டி, ஒரு போர்வைக்கு எதுக்கு இம்புட்டு மல்லுக்கட்டுத? சுத்தி ஒரு கரை வச்சுத் தையி" என்றார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

இன்று காலையில்தான் புத்தியில் தட்டியது. நான் உனக்கு இஞ்சு நாடா கொடுக்கவில்லை. கட்டத்தின் பக்கத்துக்கு இரண்டு துண்டு, துண்டுக்கு நாலு விரற்கடை என்றுதான் சின்னதிலிருந்து பழக்கினேன். உன் விரலும் என் விரலும் ஒரே பருமன், போன வருஷத்துக் கட்டங்கள் இம்மியும் பிசகவில்லை. இப்போது உன் துண்டின்மேல் என் நாலு விரலையும் வைத்தேன், பாதிச் சுண்டுவிரல் வெளியே நின்றது. இன்பம், உன் விரல் இப்படி மெலிந்துபோக எத்தனை மாதமாகக் காய்ச்சல்? நாலு கடிதத்திலும் சுகம் சுகம் என்று எழுத உனக்கு எப்படியம்மா மனம் வந்தது? எனக்குக் கோபமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

அப்பாவைக் கூப்பிட்டு விரலை வைத்துக் காட்டினேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ரயில் நேரம் கேட்கப் போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை கிளம்புகிறேன், கப்பலேறுமுன் மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்கென்று எத்தனை நாள் நிறுத்தி வைத்தாலும் சரி. மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரையைத் துப்பாதே, கசந்தாலும் விழுங்கு. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு. கர்த்தர் உன்னைத் தம் உள்ளங்கையில் வைத்துக் காப்பாராக. ஏலத்துக்கு இந்த வருஷம் நம் போர்வை வராது என்று கோயில் ஐயரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா,
கிருபாபாய்