காற்றை நிறுத்த மாட்டேன்

ஜூன் 4
இன்றும் நண்பகலில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டேன். என் வாயாலேயே. வெயில் கொளுத்துகிறது, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, மின்சாரம் தேவைக்கு மேல் வந்து குவிகிறது. எதையாவது குறைத்தாக வேண்டும். ஊருக்கு மின்சாரம் பிரித்துவிடும் எங்கள் கட்டுப்பாட்டு அறையில் மேலதிகாரிக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்: “காத்தை நிறுத்தும்மா.” நிலக்கரி எரியும் அனல் மின்நிலையத்தை மட்டும் தொடக்கூடாது. அது என்ன, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையா?

ஜூன் 5
அந்த மாப்பிள்ளையின் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவன் என் சொந்த அண்ணன். உற்பத்தியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் நெருப்பு அணைந்துவிடும் என்று கூட்டத்தில் சொன்னதும் அவன்தான். வீட்டுக்கே போய்ப் பிடித்தேன்.

“அணைக்கச் சொல்லலைண்ணே. பகல்ல சிம்ல வை. சாயங்காலம் வெயில் போனதும் ஏத்திக்கோ.”

“கொதிகலன் என்ன உன் வீட்டு கேஸ் அடுப்பா?”

“இவருக்கு வீட்டு அடுப்பையே பத்த வைக்கத் தெரியாது” என்றார் அண்ணி. அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான்.

ஜூன் 9
ஒருநாள் இறக்கிப் பார்க்கலாமா என்று மேலதிகாரியிடம் மறுபடியும் கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 12
அணைந்துவிட்டது.

நண்பகலில் நான் உத்தரவு போட, அண்ணன் இறக்கினான். பாதிக்குக் கொஞ்சம் கீழே போனதுமே நெருப்பு போய், கொதிகலன் நின்றுவிட்டது. நீர்மின் நிலையம் கைகொடுத்தது. அப்படியும் ஊரில் ஒரு பக்கம் முழுக்க மின்சாரம் போனது. ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடியது. ஓடாமல் இருந்திருந்தால்?

“இனிமே பாதிக்குக் கீழே இறக்கச் சொல்ல மாட்டேன்னு ஒத்துக்கோ. இல்லேன்னா இந்த நாற்காலி உனக்கு இல்லை. திங்கட்கிழமை பதில் வேணும்” என்றார் மேலதிகாரி.

“முடியாது சார்” என்றேன். திங்கட்கிழமை எதுக்கு? இப்பவே சொல்லியாச்சே, காதுல விழலையா? பயமாத்தான் இருக்கு. ஆனா தப்புன்னு தோணலையே! ஒரு தடவை அணைஞ்சா — ஏன் அணைஞ்சுதுன்னு பார்க்கணுமா, காத்தைக் குத்தம் சொல்லணுமா?

ஜூன் 13
அண்ணன் போனை எடுக்கவில்லை. “அப்பவே சொன்னேன்ல” என்று குத்திக்காட்டக்கூட எடுக்கவில்லை.

ஜூன் 14
அண்ணி பேசினார். “ரெண்டு நாளா உன் அண்ணன் சரியா வீட்டுக்கே வர்றதில்லை. ‘என் கையில நெருப்பு அணைஞ்சிடுச்சே’ன்னு புலம்பிட்டு அங்கேயே கிடக்கறார்.” அவனைத் தலைகுனிய வைத்தது நான்தான். இருந்தாலும் நான் பின்வாங்கப் போவதில்லை.

ஜூன் 16, திங்கள்
நண்பகல். அதே வெயில், அதே காற்று. மேலதிகாரி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். “காத்தாலைக்குப் போன் போடு.” நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் தானாகவே அடித்தது. அண்ணன்.

“இறக்கச் சொல்லு.”

“என்னண்ணே?”

“நெருப்பு எரியற பர்னரை ஒண்ணுவிடாம கழட்டிச் சரிபண்ணிட்டேன். பாதிக்கு ரொம்பக் கீழே போனாலும் அணையாது.”

“சார் பின்னாலயே நிக்கறார்.”

“அவர்கிட்டயே குடு.”

கொடுத்தேன். மேலதிகாரி “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டார். “மறுபடியும் அணைஞ்சா?” என்றார். அண்ணன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது: “என் கொதிகலன் சார் அது!”

மேலதிகாரி ரிசீவரை என் கையில் திணித்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். நான் இறக்கச் சொன்னேன். நெருப்பு அணையவில்லை.

இன்று ஒரு காற்றாலைகூட நிற்கவில்லை.