முதல் பத்து நிமிடம்

6-7-1987, திங்கள்

பத்தாம் வகுப்புக்குத் தசைப் பாடம் எடுத்தேன். தசை சுருங்க ஏ.டி.பி. என்னும் எரிபொருள் வேண்டும், கையிருப்பு இரண்டு மூன்று நொடிக்குத்தான் காணும். கிரியேட்டின் பாஸ்பேட் இன்னும் பத்து நொடி தாங்கும். அப்புறம் தசைக்குள் சேர்த்து வைத்த சர்க்கரை, கிளைக்கோஜன், உடைய வேண்டும். ரத்தம் ஆக்சிஜனையும் கொழுப்பையும் போதுமான அளவு கொண்டுவந்து சேர்க்கும்வரை அதுதான் சோறு போடுகிறது.

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். நடக்கத் தொடங்கினால் இரண்டு நிமிடத்தில் என் தொடை இறுகிவிடும். நின்று நின்று போனால் பத்து நிமிடத்தில் ஏதோ திறந்தாற்போல் இலகுவாகும். பிறகு இந்தக் கல்வராயன் மலையையே ஏறி இறங்குவேன். முப்பத்து நான்கு வருடமாக இதற்கு வீட்டில் ஒரே பெயர் — சோம்பேறி. என் கிளைக்கோஜன் உடையவே மாட்டேன் என்கிறதோ?

இதை யாரிடம் சொல்ல? அறையில் ஸ்டவ் இருக்கிறது, நான் இருக்கிறேன்.

19-7-1987, ஞாயிறு

சொந்த ஊர் வடக்கனந்தல் போனேன். அண்ணன் நாராயணசாமி வயலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் போவது. அம்மா படுத்த படுக்கை. அண்ணி ஆண்டாள் காபி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா போன அன்று பாடைக்குத் தோள் கொடுத்தேன். ஐம்பது அடியில் தோளும் தொடையும் பூட்டிக்கொண்டன. விலகிவிட்டேன். பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. "பெத்த அப்பனத் தூக்க வக்கில்ல, நீ இன்னாடா புள்ள?" என்று நடுத்தெருவில் கேட்டார் அண்ணன். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம்.

"அவன் கெடக்கறான். நீ என்னத் தூக்கிக்கினு போவியாடா?" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். தூக்குவேன் என்றேன். பஸ்ஸில் திரும்பும்போது பயமாக இருந்தது. அம்மாவையும் பாதியில் விட்டுவிட்டால்?

9-8-1987, ஞாயிறு

தொடை இறுகுவதைச் சொல்லிப் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டருக்கு எழுதிப் போட்டிருந்தேன். அக்டோபர் பன்னிரண்டு வரச் சொல்லிப் பதில்.

17-9-1987, வியாழன்

இடஒதுக்கீடு கேட்டு மறியல். கீழே ரோடு முழுக்க மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். பஸ் இல்லை. தபால் இல்லை. இன்று முழுக்க நான் யாரோடும் பேசவில்லை.

20-9-1987, ஞாயிறு

நேற்று காலை தபால்காரர் பூமாலை நடந்தே மேலே வந்தார். "சார், அம்மா ராத்திரியே பூட்டாங்க. வண்டி ஒண்ணும் ஓடல. அதான் நடந்துக்கினே வந்தேன்."

உடனே கிளம்பினேன். முதல் பத்து நிமிடம் வழக்கம்போல. அம்மா செத்துக் கிடக்கிறாள், இவன் கல்லில் உட்கார்ந்திருக்கிறான் — சீ! அப்புறம் திறந்தது. அடிவாரம்வரை நிற்கவில்லை.

அம்மாவின் கை விறைத்திருந்தது. விரலைப் பிரிக்க முடியவில்லை. பிடிக்க மட்டுமல்ல, பிடித்ததை விடவும் தசைக்கு ஏ.டி.பி. வேண்டும்; உயிர் போனால் அது தீர்ந்துவிடும். எத்தனை வருடம் பசங்களுக்குச் சொல்லியிருப்பேன். அங்கே அந்தப் படிப்பு ஒன்றுக்கும் உதவவில்லை. அழுதேன்.

வெளியூர்ச் சொந்தம் யாரும் வர முடியவில்லை. தெரு ஆண்கள் மறியலில். நால்வர் தூக்க வேண்டிய பாடைக்கு அண்ணனை விட்டால் மூன்றே பேர். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் இளைய மகன், நான்.

"கொள்ளிய நீங்க வைங்கண்ணே. நான் தோள் குடுக்கறேன்" என்றேன். அந்த உரிமையை யார் விட்டுக்கொடுப்பார்கள்? தெருவே என்னைப் பார்த்தது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "மறுபடியும் வுட்டுட்டுப் போவப்போறான்" என்றார் அண்ணியிடம். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்றேன். கொள்ளிச்சட்டியை அவர் எடுத்துக்கொண்டார்.

உட்கார்ந்தால் எனக்குப் பழையபடி இறுகிவிடும். பாடை கட்டி முடியும்வரை தெருவில் மேலும் கீழும் நடந்தேன். "ஆத்தா செத்துக் கெடக்கறா, வாத்தியாரு வாக்கிங் போறாரு பாரு!" காதில் விழத்தான் செய்தது. என்ன சொல்லிப் புரியவைப்பது? நடந்தேன்.

சுடுகாட்டு வழியில் ஒரு புளியமரம் கிடந்தது. மறியல்காரர்கள் எழுந்து கிளைகளை இழுத்து வழிவிட்டார்கள். ஐம்பது அடி தாண்டியது. நூறு தாண்டியது. கடைசிவரை போனேன். ஒருமுறைகூடச் சாயவில்லை, அம்மா.

21-9-1987, திங்கள்

காலையில் சிறுநீர் கறுங்காபி நிறம். கொல்லையில் அண்ணன் பார்த்துவிட்டார். "இன்னாடா இது, ரத்தமா?" — இரண்டு வருடத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

அளவுக்கு மீறினால் தசை சிதைந்து இப்படிப் போகும், சின்ன வயதிலிருந்தே என்றேன்.

"அப்பா சாவப்பவுமா?"

"ஆமாண்ணே."

"ஏன்டா சொல்லல?"

"எங்க சொல்ல வுட்டீங்க?"

அண்ணன் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். இன்னொரு சொம்பு கொண்டுவந்தார். நாளெல்லாம் இதே வேலை.

13-10-1987, செவ்வாய்

பாண்டிச்சேரி. அண்ணன் கேட்காமலே கூட வந்தார்.

நேற்று என் கையில் பட்டையை இறுக்கி, ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லி, ரத்தம் எடுத்தார்கள். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அண்ணன் அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல்கள் விரிய அரைமணி ஆனது.

இன்று முடிவு. கிளைக்கோஜன் உடைந்தால் ரத்தத்தில் ஏற வேண்டிய லாக்டிக் அமிலம் ஏறவே இல்லை. "தசையில் கிளைக்கோஜன் நிறைய இருக்கு. அதை உடைக்கிற என்சைம்தான் இல்லை. மருந்து கிடையாது. பாரம் தூக்காதீங்க, மெதுவா ஆரம்பிச்சு நடங்க" என்றார் டாக்டர். "சோம்பல் இல்லைங்களே?" என்று இரண்டு முறை கேட்டது நானல்ல, அண்ணன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியிலேயே தொடை பிடித்துக்கொண்டது. உள்ளே கள்ளக்குறிச்சி வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. எப்போதும் முன்னால் போய்விடுகிற மனிதர் என்னோடு நின்றார். செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டினார். அதில் மண் இல்லை. வண்டி எங்களைத் தாண்டிப் போனது.

"அடுத்தது வரும்டா" என்றார்.